மிகு ஆற்றல் அண்டக் கதிர்களைத் தரையிலிருந்து அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"மிகு ஆற்றல்" என்றால் எவ்வளவு?

அண்டக் கதிர் என்பது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் அணுக்கரு. அவற்றில் 10¹⁸ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்டவை. அந்த அளவுக்கு ஒரு எக்ஸா எலெக்ட்ரான் வோல்ட் என்று பெயர். இந்தப் பக்கத்தில் இனி வெறும் "எக்ஸா" என்றாலே அதுதான். 100 எக்ஸா என்பது 16 ஜூல். ஒரு கிலோ எடைக்கல் தலை உயரத்திலிருந்து விழுந்தால் தரையை இடிக்கும் ஆற்றல் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரே அணுக்கருவுக்குள் அவ்வளவும் அடங்கியிருக்கிறது.

ஜெனீவா அருகேயுள்ள எல்.எச்.சி. முடுக்கியில் ஒரு புரோட்டான் பெறும் ஆற்றலைப்போல இது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மடங்கு. இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே இரண்டு புரோட்டான்கள் எதிரெதிரே வந்து மோதுகின்றன. இங்கே ஒன்று ஓடிவந்து, சும்மா இருக்கும் காற்று அணுக்கருவில் மோதுகிறது. மோதலில் உண்மையில் பயன்படும் ஆற்றலைப் பார்த்தால் வித்தியாசம் 30 மடங்கு அளவுக்குச் சுருங்கிவிடும்.

செயற்கைக்கோளில் ஒரு கருவி வைத்து நேரடியாகப் பிடிக்கலாமே?

அவ்வளவு நாள் யாராலும் காத்திருக்க முடியாது. 10 எக்ஸாவுக்கு மேற்பட்டவை ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்றுகூட முழுதாக வருவதில்லை. 50 எக்ஸாவுக்கு மேல் என்றால் சதுர கிலோமீட்டருக்கு நூறாண்டுக்கு ஒன்று. ஒரு சதுர மீட்டர் கருவியைச் சுற்றுப்பாதையில் வைத்தால், அப்படி ஒன்று அதன்மேல் விழ 10 கோடி ஆண்டு ஆகும். "100 எக்ஸாவுக்கு மேல் நூறாண்டுக்கு ஒன்று" என்று இன்றும் பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பழைய கணக்கு. இன்றைய அளவீடுகளின்படி அவை அதைவிடப் பல மடங்கு அரிது.

ஆகவே கருவியின் பரப்பைக் கூட்டியாக வேண்டும். அர்ஜென்டினாவில் மலார்குவே நகருக்குப் பக்கத்தில் உள்ள பியர் ஓஷே ஆய்வகம் 3000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் உள்ள டெலஸ்கோப் அர்ரே 700 சதுர கிலோமீட்டர். தென்வானத்துக்கு முன்னது, வடவானத்துக்குப் பின்னது.

துகள் தரையை எட்டுவதே இல்லையே, பிறகு எதை அளக்கிறார்கள்?

அது விட்டுச்செல்லும் பொழிவை. வந்த துகள் பல கிலோமீட்டர் உயரத்தில் ஒரு காற்று அணுக்கருவில் மோதிச் சிதறுகிறது. சிதறியவை மறுபடி மோதுகின்றன, பெருகுகின்றன. 10 எக்ஸா பொழிவு உச்சத்தில் இருக்கும்போது அதில் 600 கோடிக்கும் மேற்பட்ட மின்னூட்டத் துகள்கள் இருக்கும். பெரும்பாலானவை எலெக்ட்ரான்களும், அவற்றின் நேர்மின் இணையான பாசிட்ரான்களும். கூடவே அவற்றைவிட அதிக எண்ணிக்கையில் காமா ஃபோட்டான்கள், ஒரு சிறு பங்கு மியூயான்கள் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்). இந்தக் கூட்டம் ஒரு மெல்லிய தட்டுபோல ஒளி வேகத்தில் இறங்கி, தரையில் பல சதுர கிலோமீட்டருக்குப் பரவும். 1938-இல் பியர் ஓஷேயும் சகாக்களும் ஆல்ப்ஸ் மலையில் 300 மீட்டர் இடைவெளியில் கருவிகளை வைத்து, அவை ஒரே நேரத்தில் துடிப்பதைக் கண்டது இதைத்தான்.

இங்கே உயரம் முக்கியம். கடல் மட்டத்தில் நம் தலைக்கு மேலே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1030 கிராம் காற்று இருக்கிறது. 10 எக்ஸா பொழிவு 750 கிராம் காற்றைக் கடக்கும்போது உச்சத்தைத் தொடும். மலார்குவே சமவெளி 1400 மீட்டர் உயரத்தில், 875 கிராம் ஆழத்தில் இருக்கிறது. நேராக விழும் பொழிவும் உச்சத்தைத் தாண்டிய சற்று நேரத்திலேயே தரையைத் தொட்டுவிடும். உயரம் கூடக்கூட நல்லது என்று நினைத்து 5000 மீட்டர் மலையில் வைத்தால், பொழிவு வளர்ந்து முடியும் முன்பே தரை வந்துவிடும்.

ஒரு தரை நிலையத்துக்குள் என்னதான் இருக்கிறது?

ஓஷே ஆய்வகத்தில் 1600-க்கு மேற்பட்ட நிலையங்கள், 1.5 கிலோமீட்டர் இடைவெளியில், முக்கோண வலைபோல. ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் தொட்டி. உள்ளே 1.2 மீட்டர் உயரத்துக்கு 12,000 லிட்டர் மீத்தூய நீர். நீரைச் சுற்றி டைவெக் துணியால் ஆன, ஒளியைச் சிதறடித்துத் திருப்பும் உறை. மேலிருந்து நீருக்குள் பார்க்கும்படி மூன்று 9 அங்குல ஒளிப்பெருக்கிக் குழாய்கள். நீரில் ஒளி செல்வதைவிட வேகமாக ஒரு மின்னூட்டத் துகள் பாய்ந்தால் நீல நிறச் செரன்கோவ் ஒளி எழும். குழாய்கள் அதை மின் துடிப்பாக மாற்றும். மிச்சம் உள்ளவை சூரியத் தகடு, மின்கலம், ஜிபிஎஸ், ஒரு வானொலி அலைபரப்பி. மொத்த மின்செலவு சுமார் 10 வாட்.

நீர் ஏன் அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும்? ஊட்டச்சத்து ஏதாவது இருந்தால் நுண்ணுயிர் வளரும், நீர் கலங்கும், ஒளி விழுங்கப்படும். தொட்டியை அடைத்துவிட்டால் அதே நீர் பல ஆண்டுகள் உள்ளேயே இருக்கப்போகிறது. நீரும் உறையும் கெடுவதைத் துடிப்பின் வடிவமே சொல்லிக்கொடுக்கும். மியூயான் துடிப்பின் வால், ஒளி உள்ளே எத்தனை முறை எதிரொளித்துத் தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. வால் குட்டையானால் ஒளி சீக்கிரம் தொலைகிறது என்று பொருள். இதற்காக யாரும் தொட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. துடிப்பின் பரப்பை அதன் உயரத்தால் வகுத்து, ஆண்டுக்கணக்கில் அந்த எண்ணைக் கவனித்து வருகிறார்கள்.

எப்போதும் மியூயான்கள் விழுந்துகொண்டே இருக்குமே, பெரிய பொழிவை எப்படி அடையாளம் காண்பது?

இடைஞ்சல் என்று தோன்றும் அந்தச் சாதாரண மியூயான்கள்தான் அளவுகோல். ஒரு தொட்டி வழியே வினாடிக்குச் சில ஆயிரம் போகின்றன. நேர்குத்தாகப் போகும் ஒரு மியூயான் தரும் சிக்னலை 1 என்று வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதன் மடங்காகவே எழுதுகிறார்கள். நிலையத்துக்குள் இருக்கும் கணினி ஒவ்வொரு நிமிடமும் ஒரு மியூயான் வரைபடத்தைச் சேர்த்துத் தன்னைத்தானே அளவுத்திருத்தம் செய்துகொள்ளும். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் குழாயின் பெருக்கம் மாறினாலும் கணக்கு பிசகாமல் இருப்பது இதனால்தான்.

பிறகு படிப்படியாக வடிகட்டுவார்கள். மூன்று குழாய்களும் ஒன்றாக 1.75 மியூயானுக்கு மேல் காட்டினால் முதல் படி. இப்படி வினாடிக்குச் சுமார் 100 வரும். 3.2-க்கு மேல் போனால் இரண்டாம் படி, வினாடிக்கு 20. இன்னொரு வழியும் உண்டு. சிக்னல் சிறிதாக இருந்தாலும் (0.2 மியூயான்), 3 மைக்ரோவினாடி சாளரத்துக்குள் 25 நானோவினாடித் துண்டுகளில் குறைந்தது 13 அதைத் தாண்டினால் போதும். ஒற்றை மியூயானின் துடிப்பு கூர்மையாக வந்து அடங்கிவிடும். பொழிவின் மையத்துக்குத் தொலைவில் துகள்கள் பரவலாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். அதனால் நீளத்தைப் பார்க்கும் இந்த இரண்டாவது வழி, உயரத்தைப் பார்க்கும் முதல் வழியைவிடக் குப்பையை நன்றாகத் தள்ளுகிறது.

ஒரு நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசை வினாடிக்கு 1200 பிட் மட்டுமே. முழுத் தரவையும் அனுப்ப வழியில்லை. இரண்டாம் படி கடந்த நேரங்களை மட்டும் மையத்துக்குச் சொல்லும். பக்கத்துப் பக்கத்து நிலையங்கள் குறைந்தது மூன்று ஒத்துப்போனால், மையம் "அந்த நேரத்துத் தரவை அனுப்பு" என்று கேட்கும்.

வந்த திசையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நேர வித்தியாசத்தை வைத்து. 1500 மீட்டர் இடைவெளியில் இரண்டு நிலையங்கள். பொழிவு நேர்குத்தாக வந்தால் இரண்டும் ஒரே கணத்தில் துடிக்கும். அவற்றை இணைக்கும் கோட்டின் திசையில் 30 பாகை சாய்ந்து வந்தால், ஒன்று 2.5 மைக்ரோவினாடி பிந்தும் (1500 × சைன் 30 ÷ ஒளி வேகம்). நேரத்தில் 50 நானோவினாடி தவறினால் கோணத்தில் 0.7 பாகை தவறும். ஜிபிஎஸ் கடிகாரம் 10 நானோவினாடி அளவுக்குச் சரியாக இருப்பதால், அதனால் வரும் பிழை சிறிதுதான். உண்மையான தொல்லை பொழிவுத் தட்டின் தடிமன். மையத்தருகே சில மீட்டர்; தள்ளிப்போகப் போக முதல் துகளுக்கும் கடைசித் துகளுக்கும் இடையே மைக்ரோவினாடிகள் ஓடிவிடும். தட்டும் தட்டையாக இல்லாமல் சற்று வளைந்திருக்கும். இவ்வளவையும் சேர்த்துப் பொருத்தினால், 10 எக்ஸாவுக்கு மேல் ஒரு பாகைக்குள் திசை கிடைக்கும்.

ஆற்றலை எப்படி அளக்கிறார்கள்? அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இந்தத் துறையில் அதிகம் சண்டை நடந்த கேள்வி இது. திசையை அளப்பது எளிது. ஆற்றலை அளப்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

முதலில், பொழிவு தொட்ட நிலையங்களின் சிக்னலை, மையத்திலிருந்து உள்ள தூரத்துக்கு எதிரே வரைகிறார்கள். தூரம் கூடக்கூடச் சிக்னல் செங்குத்தாகச் சரியும். சரிவின் வடிவம் ஒவ்வொரு பொழிவுக்கும் சற்று மாறும், நமக்கு அது துல்லியமாகத் தெரியாது. ஆனால் ஒரே பொழிவுக்கு வெவ்வேறு சரிவுகளை வைத்துப் பொருத்திப் பார்த்தால், கோடுகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டும். 1.5 கிலோமீட்டர் வலைக்கு அந்தத் தூரம் சுமார் 1000 மீட்டர். 1.2 கிலோமீட்டர் வலையுள்ள டெலஸ்கோப் அர்ரேவில் 800 மீட்டரை எடுக்கிறார்கள். வடிவம் தெரியாவிட்டாலும் அந்த ஒரு புள்ளியில் சிக்னல் மாறாது. ஆகவே அதுவே பொழிவின் "அளவு".

அடுத்தது சாய்வு. சாய்ந்து வரும் பொழிவு அதிகக் காற்றைக் கடப்பதால் மெலிந்துவிடும். எல்லாவற்றையும் "38 பாகையில் வந்திருந்தால் எவ்வளவு" என்ற பொது அளவுக்கு மாற்றுவார்கள். 10 எக்ஸா பொழிவுக்கு அது 50 மியூயானுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இப்போது 48 மியூயான் என்றால் 10 எக்ஸா என்று யார் சொன்னது? கணினி உருவகத்தைக் கேட்கலாம். ஆனால் தரையில் உண்மையில் வரும் மியூயான்கள் உருவகங்கள் சொல்வதைவிட அதிகம். அந்த ஆற்றலில் அணுக்கரு மோதல்களை யாரும் முடுக்கியில் சோதித்ததில்லை. டெலஸ்கோப் அர்ரே குழு உருவக அட்டவணையிலிருந்து ஆற்றலை எடுத்தபின் 1.27-ஆல் வகுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் தொலைநோக்கியின் அளவோடு பொருந்தியது. எங்கள் கருத்தில், உருவகத்தை மட்டும் நம்பி அறிவிக்கும் எந்த ஆற்றலையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

அந்தத் தொலைநோக்கி எதைப் பார்க்கிறது?

காற்று ஒளிர்வதை. பொழிவின் எலெக்ட்ரான்கள் நைட்ரஜன் மூலக்கூறுகளைக் கிளறிவிட, அவை 300 முதல் 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதா ஒளியை எல்லாத் திசையிலும் உமிழும். 337 நானோமீட்டர் வரிதான் பிரதானம். ஒரு எலெக்ட்ரான் ஒரு மீட்டர் ஓடினால் நான்கு ஃபோட்டான் அளவே. எலெக்ட்ரான்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் 20, 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிகிறது. ஓஷேயில் நான்கு மேடுகளில் 24 தொலைநோக்கிகள் சமவெளியை நோக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் 30 × 30 பாகை வானத்தை 440 குழாய்கள் கொண்ட கேமராவால் பார்க்கும். 100 நானோவினாடிக்கு ஒரு படம். பொழிவு ஒரு புள்ளியாக மேலிருந்து கீழே ஓடுவது பிக்சல் பிக்சலாகப் பதியும்.

உமிழப்பட்ட ஒளி, காற்றில் கரைந்த ஆற்றலுக்கு நேர்விகிதம். பாதை முழுவதும் கூட்டினால் மொத்த ஆற்றல். கண்ணில் படாமல் நியூட்ரினோவும் மியூயானும் கொண்டுபோகும் 10–15 சதவீதத்தை மேலே சேர்க்க வேண்டும். இரண்டு கருவியும் ஒன்றாகப் பிடித்த பொழிவுகளை எடுத்து, தொட்டியின் சிக்னலை இந்த ஆற்றலோடு பொருத்துகிறார்கள். அந்தக் கோட்டை வைத்து, தொட்டிகள் மட்டும் பிடித்த மற்றெல்லாப் பொழிவுகளுக்கும் ஆற்றல் போடுகிறார்கள்.

தொட்டிகள் இரவு பகல் பாராமல் இயங்கும். தொலைநோக்கிக்கு நிலவில்லாத, தெளிந்த இரவு வேண்டும். மொத்த நேரத்தில் அது 15 சதவீதத்தைத் தாண்டாது.

என்னென்ன தவறாகப் போகும்?

காற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுதான் ஒளிரும் பொருள், அதுதான் ஒளியைக் கடத்தும் கண்ணாடியும். தூசு மண்டலம் சற்று அடர்ந்தால் 25 கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த பொழிவு மங்கலாகத் தெரியும். கவனிக்காமல் விட்டால் ஆற்றல் குறைவாகப் பதிவாகும். ஆகவே சமவெளியின் நடுவிலிருந்து 355 நானோமீட்டர் லேசரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை 50 தடவை மேல்நோக்கி அடிக்கிறார்கள். எவ்வளவு ஒளி அனுப்பினோம் என்பது தெரியும். வந்து சேர்ந்தது எவ்வளவு என்று தொலைநோக்கி சொல்லும். இடையில் தொலைந்தது தூசுக் கணக்கு. மேகம் இன்னும் மோசம்: ஒளியை மறைக்கவும் செய்யும், பக்கவாட்டில் சிதறடித்துப் பொய்யான உச்சத்தைக் காட்டவும் செய்யும்.

கண்ணாடியில் படியும் தூசு, வயதாகும் குழாய், இவற்றுக்காகத் தொலைநோக்கியின் வாயில் 2.5 மீட்டர் விட்டமுள்ள, சீராக ஒளிரும் ஒரு உருளையைப் பொருத்தி முழு அமைப்பையும் ஒரே வீச்சில் அளவுத்திருத்தம் செய்கிறார்கள். இவ்வளவு செய்தும் ஓஷேயின் ஆற்றல் அளவில் 14 சதவீத முறைசார் பிழை (எல்லா அளவையும் ஒரே பக்கம் இழுக்கும் பிழை) ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓஷேக்கும் டெலஸ்கோப் அர்ரேக்கும் உள்ள சுமார் 9 சதவீத வித்தியாசம் இதற்குள் அடங்கிவிடுகிறது. மிக உயர்ந்த ஆற்றலில் அந்த வித்தியாசம் அதற்கு மேலும் வளர்கிறது. அதுதான் இன்னும் தீராத வழக்கு.

தொட்டிகளில் வேறு வகைத் தொல்லைகள். மையம் 500 மீட்டருக்குள் விழுந்தால் குழாய்கள் நிரம்பி வழிந்து, துடிப்பின் உச்சி வெட்டுப்படும். அதற்காகவே ஓஷேயின் மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு அங்குலச் சிறு குழாய் ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். இடிமின்னல் நேரத்தில் பல நிலையங்கள் ஒன்றாகத் துடித்துப் பெரிய பொழிவுபோல நடிக்கும். ஊசலாடும் துடிப்பைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். காற்றழுத்தமும் வெப்பமும் மாறினால் அதே பொழிவு சற்று அதிகமாகவோ குறைவாகவோ தெரியும். சிறு விளைவுதான், ஆனால் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதிகம் வருகிறதா என்று பார்க்கும்போது பகல்–இரவு மாற்றமே போலித் திசையாகத் தோன்றிவிடும்.

சிண்டிலேட்டர் நல்லதா, நீர்த் தொட்டி நல்லதா?

சிண்டிலேட்டர் என்பது துகள் பாய்ந்தால் மினுங்கும் பொருள். இரண்டும் வெவ்வேறு கண்கள். டெலஸ்கோப் அர்ரேயின் 507 நிலையங்களில் 1.2 சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் தகடுகள் இரண்டடுக்காக, 3 சதுர மீட்டருக்கு வைக்கப்பட்டுள்ளன. மெல்லிய தகட்டுக்கு எல்லா மின்னூட்டத் துகளும் ஒன்றுபோலத்தான். எண்ணிக்கையில் மிகுந்த எலெக்ட்ரான்களே மேலோங்கும். ஆழமான நீரில் மியூயான் முழு 1.2 மீட்டரையும் துளைத்துப் பெரிய சிக்னல் தரும், எலெக்ட்ரான் சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே தொட்டி மியூயான் பக்கம் சாய்ந்தது. சாய்ந்து வரும் பொழிவுக்கும் தொட்டிதான் வசதி, பக்கவாட்டிலும் அதற்குப் பரப்பு இருப்பதால். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் மியூயானையும் எலெக்ட்ரானையும் பிரித்தெடுக்கலாம். ஓஷேயின் தொட்டிகள் மேல் 3.8 சதுர மீட்டர் சிண்டிலேட்டர் ஏறியிருப்பது இதற்காகத்தான்.

வந்தது புரோட்டானா, இரும்பா என்று சொல்ல முடியுமா?

ஒற்றைப் பொழிவைக் காட்டிக் கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. இரும்புக் கருவை 56 சிறு துகள்கள் ஒன்றாக வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: ஆற்றல் பங்கிடப்படுவதால் பொழிவு சீக்கிரமே, புரோட்டானைவிட 100 கிராம் அளவு மேலேயே உச்சத்தைத் தொடும். தொலைநோக்கி உச்சத்தை 15–25 கிராம் துல்லியத்தில் அளக்கிறது. ஆனால் புரோட்டான் பொழிவுகளே தமக்குள் அதைவிட அதிகம் ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான பொழிவுகளின் சராசரியையும் பரவலையும் பார்த்தால்தான் படம் தெளியும். ஓஷே தரவின்படி 2 எக்ஸா அருகே இலேசான கருக்கள் மிகுதி, அதற்குமேல் ஆற்றல் கூடக்கூடக் கனமானவை.

இதுவரை பிடிபட்டதில் பெரியது எது? எங்கிருந்து வந்தது?

100 எக்ஸா அளவை முதலில் தொட்டது 1962-இல் நியூ மெக்சிகோவின் வல்கேனோ ராஞ்ச் வலையில் ஜான் லின்ஸ்லி கண்டது. 1991 அக்டோபர் 15 அன்று யூட்டாவின் ஃப்ளைஸ் ஐ தொலைநோக்கி பதிந்த 320 எக்ஸாதான் இன்றும் முதலிடம். 2021 மே 27-இல் டெலஸ்கோப் அர்ரே 244 எக்ஸா ஒன்றைப் பிடித்தது. அமதெராசு என்று பெயர் வைத்தார்கள். அதன் திசையைப் பின்னோக்கிப் பார்த்தால் விண்மீன் மண்டலங்களே குறைவான ஒரு வெற்றிடம். 2004 முதல் 2020 வரையிலான ஓஷே தரவில் மிகப் பெரியது 166 எக்ஸா.

மின்னூட்டம் உள்ள துகள் காந்தப் புலத்தில் வளையும். வந்த திசை என்பது பிறந்த திசை ஆகாது. உறுதியாகச் சொல்ல முடிவது 2017-இல் ஓஷே வெளியிட்டது: 8 எக்ஸாவுக்கு மேல் வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து 6.5 சதவீத வீச்சில் மிகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் நம் பால்வீதி மையத்திலிருந்து 125 பாகை அளவுக்கு விலகியிருக்கிறது. ஆகவே இவை பால்வீதிக்கு வெளியிலிருந்து வருபவை.

வானொலி ஆன்டெனாவால் முடியுமா?

முடியும். புவிக் காந்தப் புலம் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் எதிரெதிரே விலக்குவதால் சில பத்து நானோவினாடி நீளமுள்ள ஒரு அலைத்துடிப்பு எழும். 30–80 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். தூசும் நிலவும் இதைத் தடுப்பதில்லை. மனிதர் எழுப்பும் மின் இரைச்சலும், இடிமேகத்தின் மின்புலமும்தான் எதிரி.

வீட்டில் ஒரு கருவி செய்தால் இவற்றைப் பிடிக்கலாமா?

பொழிவைப் பிடிக்கலாம், மிகு ஆற்றல் பொழிவு என்று சொல்ல முடியாது. 50 × 50 சென்டிமீட்டர் சிண்டிலேட்டர் தகடு மூன்று எடுங்கள். எதிரொளிக்கும் தாளால் சுற்றி, அதன்மேல் ஒளி புகாத கறுப்புத் தாளால் இறுக்கமாக மூடுங்கள். ஓரத்தில் ஒளியுணர் சில்லு. முதல் சோதனை: மேலே ஒரு கறுப்புத் துணியைப் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ஒளி கசிகிறது, மறுபடி ஒட்டுங்கள். அடுத்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே மியூயான் மூன்றையும் துளைக்கும் சிக்னலை வைத்து வரம்பை அமையுங்கள். சில்லின் பெருக்கம் வெப்பத்தோடு மாறும். மின்னழுத்தத்தை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் மதியம் ஒரு எண்ணிக்கை, இரவில் வேறொன்று.

கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூயான். உங்கள் தகட்டுக்கு வினாடிக்குச் சுமார் 40. இப்போது தகடுகளை 5–10 மீட்டர் தள்ளி முக்கோணமாக வையுங்கள். ஒரு மைக்ரோவினாடிச் சாளரத்தில் இரண்டு தகடுகள் தற்செயலாக ஒத்துப்போவது மணிக்குப் பதினொரு தடவை நடக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றும் தற்செயலாக ஒத்துப்போவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். மூன்றும் சேர்ந்து துடித்தால் அது அநேகமாக உண்மையான பொழிவு. ஆற்றல் 10¹⁴ எலெக்ட்ரான் வோல்ட் அளவில் தொடங்கும்.

அதற்குமேல் போக முடியாததற்குக் காரணம் வலையின் அளவு. பக்கத்தில் விழுந்த சிறிய பொழிவும், இரண்டு கிலோமீட்டர் தள்ளி விழுந்த ராட்சதப் பொழிவும் உங்கள் மூன்று தகடுகளிலும் ஒரே சிக்னலைத் தரலாம். மையம் எங்கே என்று தெரியாதவரை ஆற்றல் தெரியாது. மையம் தெரிய வேண்டுமானால் சில கிலோமீட்டர் தூரத்துக்கு வேறு சில வீடுகளிலும் இதே கருவி இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் ஜிபிஎஸ் நேரமுத்திரையோடு.